மோகனூர் சாலையில் ஐந்து கோயில்களும் ஒரு வெறுந்தட்டு லாரியும்

சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல். பஸ்ஸுக்கு எட்டணா. வெயில் ஏறுவதற்கு முன்பே ஏறி, பின் சீட்டில் இரண்டு வெல்ல மூட்டைகளுக்கும் ஒரு பெரியவரின் குடைக்கும் நடுவே இடம் பிடித்தேன். சட்டைப் பையில் லாரி ஓட்டும் லைசென்ஸ் இருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் மேட்டூர் அணை வேலையில் கிளீனராகக் கல் லாரிகளில் தொங்கிக்கொண்டிருந்தவன் நான். அணை முடிந்ததும் அங்கே ஓடிய லாரிகளில் சில விலைக்கு வந்தன. நாமக்கல் பக்கத்துக்காரர்கள் வாங்கிப் போனார்கள். லாரி போன ஊருக்கு டிரைவரும் போகத்தானே வேண்டும்?

இரண்டு முதலாளிகள் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். இருவரிடமும் இருந்தது வெறுந்தட்டு லாரி. பக்கப் பலகை கிடையாது. கல்தூண், மரம், எஞ்சின் என்று பெட்டிக்குள் அடங்காத சாமான்களைத் தட்டின்மேல் வைத்துக் கயிற்றை நம்பிப் போக வேண்டியதுதான். புது டிரைவரை ஒரு நடை ஓட்டச் சொல்லிப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அப்போது டிரைவரும் முதலாளியைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்புக்கொண்டபின் பேச்சில்லை. முதல் முதலாளியை வருஷம் திரும்புமுன் விட்டுவந்தவன் என்று பேர் வந்துவிட்டால், வேறு எவரும் ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டார்கள். அதனால் பெண் பார்க்கப் போகிறவனைப் போலச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ராசிபுரம் தாண்டியதும் குடைக்காரர் விசாரித்தார்.

“ஏனுங்க, எந்த ஊட்டு லாரிக்குப் போறீங்க?”

“அதப் பாக்கத்தானுங்க போறேன்.”

“அப்ப நல்லாச் சோறு போடற ஊடாப் பாருங்க சாமி. மத்ததெல்லாம் அப்பறம்.”

அவர் சொன்னபடி பார்த்தால் வேலை அன்று மத்தியானமே முடிந்திருக்கும். நாமக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கிழக்கே காளியப்பன் முதலாளியின் வீடு. அரிசிச் சோறு, கறிக்குழம்பு, கட்டித் தயிர். போதும் என்று சொல்லச் சொல்ல அவரே வந்து பரிமாறினார். லாரிக்கு அப்போதுதான் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இந்த வண்டியில்தான் என் வாழ்வு என்று கறிக்குழம்பும் பச்சை வண்ணமுமாகச் சேர்ந்து சொல்லிவிட்டன.

மோகனூருக்குக் கல்தூண் ஏற்றியிருந்தது. பன்னிரண்டு மைல். காளியப்பன் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவரும் முன்பு டிரைவராக இருந்தவர்தான். நாலு மைல் போனதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன். தேங்காய்நார்க் கயிறு எப்படி இறுக்கினாலும் இரண்டு மைலிலோ நாலு மைலிலோ தளரும். இறங்கி ஒரு முறை இழுத்துக் கட்டுவது அணையில் எங்களுக்கு மூச்சு விடுவது போல.

“ஏன் நிறுத்தறீங்க?” என்றார்.

“கயித்தப் பாத்துக்கறேனுங்க.”

“வேண்டாமுங்க. நம்ம வண்டி நடுவழியில நின்னதா இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. நின்னா, காளியப்பன் வண்டி படுத்துக்கிச்சுன்னு சந்தை பூராப் பேசுவானுங்க. அப்பறம் ஆருங்க சரக்குக் குடுப்பா? எடுங்க.”

அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தச் சாலையில் எவர் வண்டி எங்கே நின்றது என்பதுதான் அன்றாடச் செய்தி. எடுத்தேன். மிச்ச எட்டு மைலும் என் காது மட்டும் பின்னாலேயே இருந்தது. மோகனூரில் இறங்கிப் பார்த்தபோது ஓரத்துத் தூண் ஒன்று தட்டை விட்டு முழங்கை நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காளியப்பன் அதைத் தட்டிக் கொடுத்து, “வந்து சேந்துட்டமுல்ல” என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டு, வேறொருவரிடம் வண்டியைக் கொடுத்துத் திரும்பினார்.

அன்றிரவு மோகனூர்ச் சத்திரத்தில் தங்கினேன். காலையில் காவிரியில் முங்கி எழுந்தபோது பயம் பாதி கரைந்திருந்தது. பசி முழுசாக இருந்தது. இரண்டு இட்லியோடு, அதே ஊரிலிருந்த இரண்டாவது முதலாளி வீட்டுக்குப் போனேன்.

அந்த லாரிக்குச் சொந்தக்காரர் நல்லம்மாள், வெல்ல வியாபாரம் செய்பவர். அவருடைய வீட்டுக்காரருக்குப் பெட்ரோல் வாசம் பட்டாலே தலை சுற்றும். அதனால் லாரிக்கு முதலாளி இந்த அம்மாள்தான். வண்டியைப் பார்த்ததும் என் முகம் தொங்கிவிட்டது. வண்ணம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஹேண்டில் இரண்டு முறை என் கையை உதைத்தது. பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் போக வேண்டும், பத்து மைல். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பூசைக்கூடையை வைத்துக்கொண்டு ஏறினார்.

முந்தின நாள் பாடம் நினைவில் இருந்ததால், நிற்காமல் ஓட்டிக் காட்டுவது என்று நான் முடிவு செய்திருந்தேன். இரண்டு மைல்கூடப் போயிருக்க மாட்டோம்.

“நிறுத்துங்க சாமி, கருப்பண்ணன் கோயலு.”

இறங்கிக் கற்பூரம் ஏற்றினார். சும்மா நிற்பானேன் என்று பின்னால் போனேன். எஞ்சின் ஒரு சாண் நகர்ந்திருந்தது. கயிறு ஊஞ்சல் போலத் தொங்கியது. இழுத்துக் கட்டி நிமிர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது. அந்த எஞ்சின் சாலையில் விழுந்திருந்தால் என் லைசென்ஸும் அதனடியில்தான் கிடந்திருக்கும்.

பிறகு ஒரு மாரியம்மன். வாய்க்கால் பாலத்தில் ஒரு பிள்ளையார். கரும்புக்காட்டு ஓரம் ஒரு முனியப்பன். ஒவ்வொரு இடத்திலும் அவர் முன்னால் கும்பிட்டார், நான் பின்னால் கயிற்றை இழுத்தேன். வழியில் போனவர்கள் எங்களைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாங்களும் கும்பிட்டார்களே தவிர, வண்டிக்கு என்ன கேடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேலூருக்குச் சற்று முன்னால் ஐந்தாவது சாமி. வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், அவ்வளவுதான். அங்கே முடிச்சு ஒன்று சிக்கிக்கொண்டு எனக்கு நேரமாகிவிட்டது. கற்பூரம் எரிந்து அணைந்தும் நல்லம்மாள் கண்ணை மூடியபடியே நின்றார். நான் எட்டிப் பார்த்தபோது ஒரு கண் மட்டும் திறந்து கயிற்றைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

“ஆச்சுங்கம்மா” என்றேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியேறினார்.

“இந்தச் சாமி பேரு என்னங்கம்மா?”

“பேரெல்லாம் இல்லீங்க. முன்ன இருந்த டிரைவரு, இந்த எடத்துல ஒருக்காக் கயித்தப் பாத்துட்டாத் தேவலைங்கம்மான்னு சொன்னாரு. ரோட்டுல சும்மா நின்னா ஊரு பேசுமில்லீங்க? அதான் நானே ஒரு கல்லை நட்டு மஞ்சப் பூசிட்டேன்.”

நான் சிரித்த சிரிப்பில் ஸ்டீரிங் ஒரு தடவை ஆடியது. எஞ்சினை இறக்கி முடிக்கும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. “திங்கக்கெழமை வந்துடறேனுங்கம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் மனசு லேசாயிற்று. நாமக்கல்லில் இறங்கிக் காளியப்பனிடமும் நேரில் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், ஆனாலும் இலை போடாமல் அனுப்பவில்லை.

அதற்கு முன், லாரியை அடுத்த சரக்குக்காக வேலூரிலேயே விட்டுவிட்டு, மோகனூர் வழியாக நாமக்கல் வரும் பஸ்ஸில் ஏறியிருந்தேன். அந்த வேப்பமரம் வந்ததும் முன் சீட்டுப் பெண் ஒருத்தி தூங்கிய குழந்தையை எழுப்பி, கல்லைக் காட்டிக் கும்பிடச் சொன்னாள். நானும் கைகூப்பினேன், விளையாட்டுக்கு அல்ல. சேலத்தில் எங்கள் தெருமுனையிலும் அப்படி ஒரு கல் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் அதன் எதிரே சற்று நின்றேன். எந்தக் காலத்து வண்டிக்காரனின் கயிறு அங்கே தளர்ந்ததோ.