ஜப்பானில் ஒரு கல்லுக்கட்டு

பூம்பாறை சக்திவேலுக்கு ஜப்பானில் வீடு கிடைத்த செய்தி, அவருக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. கொடைக்கானல் பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரஷாத், ஜப்பான் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்திருந்த கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னபோது, ஆதார் நகல் எடுக்க நின்ற நாலு பேரும் காதைக் கொடுத்திருந்தார்கள். சக்திவேல் ஜீப்பில் ஊர் திரும்புவதற்குள் அந்த வீடு பங்களாவாகியிருந்தது.

சக்திவேலுக்கு ஐம்பத்து நான்கு வயது. சொந்தமாக முக்கால் ஏக்கர் பூண்டுக்காடு, சரிவில் நான்கு அடுக்காக இறங்கும். சீசனில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுவார். இருபது வருடங்களுக்கு முன் ஜப்பானிலிருந்து சோலைக்காட்டுப் பாசிகளைப் பார்க்க வந்த சயோகோ, இரண்டு வாரத்துக்கு அந்த ஜீப்பை வாடகைக்கு எடுத்தாள். அடுத்த வருடம் மறுபடி வந்தாள். பாசி பார்ப்பது மட்டும் காரணமாக இருக்கவில்லை. முறைப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஊர் அவளைச் சாயக்கா என்று அழைத்தது. பிள்ளைகள் இல்லை. போன மார்கழியில் நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தாள். அவள் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தகப்பன் விட்டுப்போன மலைவீடும் அதைச் சேர்ந்த படிநிலமும் அவள் பெயரில் இருந்தன. இப்போது அவற்றுக்கு வாரிசு, ஜப்பான் மண்ணை மிதித்தே இராத அவள் கணவன்.

கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. அந்த நிலத்துக்குக் கீழே குடியிருக்கும் மொரிதா என்ற பெண்மணி எழுதியது. மேல்நிலத்து மண்ணைத் தாங்கும் கல்லுக்கட்டு தன் வீட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, இனி அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தார்.

பூம்பாறையில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கும்படி விட்டால் அது மேல்காட்டுக்காரனுக்குக் கேவலம். கட்டு சரிந்தால் மேலே இருப்பவன் இறங்கி வந்து கல்லை எடுத்து அடுக்குவான். கீழே இருப்பவன் டீ போட்டுக் கொடுப்பான். அந்த விஷயத்தில் இன்றுவரை பஞ்சாயத்து கூடியதில்லை. சக்திவேல் யோசிக்கவே இல்லை.

“எழுதுங்க தம்பி. கட்டு எம் பொறுப்பு, நான் பாத்துக்கிறேன்னு எழுதுங்க.”

ரஷாத் தட்டி, அனுப்பியும் விட்டான். அதற்குப் பிறகுதான் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தான். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

“அண்ணே, வேணாம்னு சொல்ல மூணு மாசம் டைம் குடுத்திருக்காங்க. ஏத்துக்கிட்டா எல்லாமே நம்ம தலையில. வருசா வருசம் வரி. வீடு இத்துப்போய்க் கெடக்காம். ஆபத்துன்னு ஆயிருச்சுன்னா நம்ம செலவுலதான் இடிக்கணும்.”

“வித்துரலாமே?”

“அந்த ஊர்ல ஆறு வீட்டுலதான் ஆள் இருக்காம். சும்மா குடுத்தாக்கூட வாங்க ஆளில்லைன்னு எழுதியிருக்காங்கண்ணே.” தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “நாம இப்ப எம் பொறுப்புன்னு எழுதிட்டோம். அதையே ஏத்துக்கிட்டதா எடுத்துக்குவாங்களோ?”

அந்தக் கேள்வியோடு சக்திவேல் இரண்டு மாதத்துக்கு மேல் வாழ்ந்தார். கடல் தாண்டி ஒரு வீட்டை இடிப்பதென்றால், இங்கே விற்பதற்கு இருப்பது பூண்டுக்காடு ஒன்றுதான். ரஷாத் அந்த ஊர் வக்கீல் ஒருவருக்கு எழுதிக் கேட்டான். பதில் வரவில்லை.

இதற்கிடையில் அக்கா மகாதேவி மன்னவனூரிலிருந்து வந்து இறங்கினாள்.

“ஏலே, ஊரே பேசுது. எங்கிட்ட மட்டும் மறைக்கிற. எத்தனை கோடியாம்?”

“கோடியும் இல்ல, தெருவும் இல்லக்கா. ஓட்டை வீடு.”

“ஓட்டை வீடுன்னா ஓட்டை அடைச்சு வாடகைக்கு விடுறது. ஒனக்குத்தான் துப்பு கிடையாதே.”

“அங்க வருசத்துல நாலு மாசம் பனி கூரை மட்டம் நிக்குமாம். நீ வேணா போய்க் குடியிரு.”

“நான் எதுக்குப் போறேன். எனக்கு இங்கயே மூட்டு வலிக்குது” என்றவள், சோறு தின்றுவிட்டு மறுபடி அதே கேள்வியிலிருந்து தொடங்கினாள்.

சயோகோ அந்த வீட்டைச் சொத்து என்று ஒருநாளும் பேசியதில்லை. நிலம் இருந்தால் பலம் என்று நம்பி வளர்ந்த ஊர் இது. நிலம் ஒருவனைப் பிடித்துக்கொள்ளவும் கூடும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. நாம் ஒன்றை வைத்திருக்கிறோம் என்று சொல்லும்போது, யார் எதை வைத்திருப்பது என்பது அவ்வளவு தெளிவான விஷயமல்ல. பூண்டுக்கு மண் அணைக்கும்போதெல்லாம் சக்திவேல் இதைத்தான், இதைவிடக் கொச்சையான வார்த்தைகளில், தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மொரிதாவே வீடியோவில் அழைத்தார். சயோகோவிடமிருந்து ஒட்டிக்கொண்ட சொற்கள் சக்திவேலிடம் நூறு இருநூறு இருக்கும். மிச்சத்தை ரஷாத்தின் கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலி பார்த்துக்கொண்டது. மொரிதா கேமராவைக் கட்டின் பக்கம் திருப்பினார். சக்திவேலுக்கு அதற்கு மேல் மொழி தேவைப்படவில்லை. நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அடியில் தண்ணீர் கசிய விட்டிருந்த சந்துகளெல்லாம் மண்ணும் வேரும் ஏறி அடைபட்டிருந்தன. பின்னால் தேங்கும் தண்ணீர்தான் கல்லை முன்னே தள்ளுகிறது.

“அடிக்கண்ணைத் திறந்து விடச் சொல்லு தம்பி. மேல ஒரு வாய்க்கால் இழுத்துத் தண்ணியப் பக்கவாட்டுல திருப்பணும். வெரசாச் செய்யணும், மழை வந்துட்டா நிக்காது.”

மூன்றாம் நாள் மொரிதா படம் அனுப்பினார். அக்கம்பக்கத்தில் மிச்சமிருந்த கிழவர்கள் ஒன்றுசேர்ந்து சந்துகளைக் குத்தித் திறந்திருந்தார்கள். கட்டின் அடியில் தண்ணீர் கோடுகோடாக ஓடியது. ரஷாத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“போச்சுண்ணே. மொதல்ல எம் பொறுப்புன்னு எழுதுனோம். இப்ப ஆள் வச்சு வேலையே வாங்கிட்டோம்.”

சக்திவேல் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, தண்ணீர் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார்.

வக்கீலின் பதில் வந்தபோது கெடு முடியப் பத்தொன்பது நாள் பாக்கியிருந்தது. ரஷாத் முதலில் தனக்குள் படித்தான், பிறகு எழுந்து நின்று படித்தான். இறந்தவரின் பொருளை விற்பதும் கொடுப்பதும்தான் ஏற்றுக்கொண்டதாகும். அது கெடாமல் காப்பது ஆகாது. சுவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும், தண்ணீரைத் திருப்பியதும் காப்பதில்தான் சேரும். இன்னமும் வேண்டாம் என்று சொல்லலாம்.

சக்திவேல் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு சட்டம் இவ்வளவு நியாயமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

“அப்ப வேணாம்னு எழுதிரவாண்ணே?”

வேண்டாம் என்று எழுதினால் அந்தக் கட்டுக்கு மேல்காட்டுக்காரனே இல்லாமல் போவான். சட்டம் அவரை விட்டுவிட்டது. அவர் கொடுத்த சொல் விடவில்லை.

“மொதல்ல அந்தம்மாவுக்குப் போன் போடு. சொல்லாமக் கொள்ளாம ஒதுங்குனா நல்லா இருக்காது.”

சக்திவேல் சொல்லி முடித்ததும் மொரிதா வெகுநேரம் பேசினார். செயலி தட்டுத்தடுமாறி அதைத் தமிழாக்கியது. அவர் மகளும் மருமகனும் நகரத்தை விட்டுத் திரும்பி வருகிறார்கள். விவசாயம் பார்க்க நிலம் தேடுகிறார்கள். மேல்நிலம் வேண்டும் என்றுதான் அவர் முதலிலேயே எழுத நினைத்தார். மனைவியை இழந்த மனிதரிடம், அவள் மண்ணை எனக்குக் கொடு என்று எப்படிக் கேட்பது? அதனால் சுவரைப் பற்றி மட்டும் கேட்டாராம். நிலத்தை ஏற்றுக்கொண்டு தங்கள் பெயருக்கு மாற்றித் தந்தால், பழைய வீட்டைத் தாங்களே பிரித்துக்கொள்வார்கள், செலவு அவர்களுடையது.

“எல்லாம் தெளிவா எழுத்துல வரட்டும், நான் ஏத்துக்கிறதையும் அவங்க பேருக்கு மாத்துறதையும் வக்கீல் சேத்தே முடிக்கட்டும்னு சொல்லு” என்றார் சக்திவேல். சொல்லும்போதே குரல் லேசாகிவிட்டது.

தாள்கள் வர ஒன்பது நாள் ஆயிற்று. நோட்டரி முன்னால் பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டார். மகாதேவிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார்.

“சும்மாவா குடுத்த?”

“சும்மாதான்க்கா.”

“தலைவலி விட்டுச்சுன்னு சொல்லு” என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் நல்ல சொல் வராது என்பது அவருக்குத் தெரியும்.

அன்று திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தி இரண்டு தட்டு பஜ்ஜி தின்றார். ஊருக்குள் நுழையும்போது, அவர் காட்டுக்குக் கீழே பீன்ஸ் போட்டிருக்கும் சின்னக்கருப்பன் கை காட்டி மறித்தான்.

“மாமா, ஒங்க ரெண்டாவது கட்டுல நாலு கல்லு உருண்டு கெடக்கு. சும்மா சொல்லி வைக்கிறேன்.”

“வெள்ளன வாரேன்” என்றார் சக்திவேல். “டீய மட்டும் போட்டு வை.”