லயத்துச் சுவரில் பத்திரிகை ஐயா

தீபாவளி நெருங்கினால், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கக் கோதுமை மா காய்ச்சும் வாசம் வீசும். பலகாரம்தான் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடிப்போனால், அம்மா அகப்பையைத் தூக்கிக்கொண்டு விரட்டுவாள். அது வாய்க்கு இல்லை, சுவருக்கு. ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில், அடுப்புப் புகையும் மழை ஓதமும் ஏறிக் கறுத்துப்போன சுவர்களுக்கு வருடம் ஒருமுறை பழைய பத்திரிகைத் தாளை ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் "செவுருக்குச் சட்ட போடுறது". அறை வெளிச்சமாகும், குளிரும் கொஞ்சம் அடங்கும், எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் படுத்தபடியே வாசிக்க ஏதாவது கிடைக்கும்.

தாள் கொண்டுவருவது என் அப்பா முத்துசாமி. அவர் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். தீபாவளிக்கு முன்னால் முதலாளி கழிவுத்தாள் கொடுத்தனுப்புவார், அந்த ஒரு வாரமும் லயத்தில் அப்பாவுக்கு இருக்கும் மவுசு தோட்டத்தை ஆளும் துரைக்குக்கூட இருக்காது. அந்த வருடம் முதலாளி, "படிக்குக் கீழ இருக்கறத எடுத்துட்டுப் போப்பா" என்று சொல்ல, அப்பாவும் அங்கே இருந்த கட்டுகளை மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தாள் என்றால் அப்படி ஒரு தாள், துணி மாதிரி தடிப்பாக இருந்தது. பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிப்போய் அன்று சாயந்தரத்துக்குள் ஒட்டி முடித்தார்கள்.

ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் சுவரோடு சுவராக நின்று வாசித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் பக்கத்தில் முதன்முதலாகப் பத்திரிகை தொடங்கி, ஆஸ்பத்திரிக்காகவும் குடிதண்ணீர்க் குழாய்க்காகவும் வெள்ளைக்கார அதிகாரிகளோடு மல்லுக்கு நின்ற ஒரு பெரிய மனிதரை ஊரில் "பத்திரிகை ஐயா" என்பார்கள். அவருடைய பத்திரிகை இதழ்களும், கைப்பட எழுதிய மனுக்களும்தான் எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அதன் அருமை தெரியவில்லை. "எழுத்து அழகா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே அப்பா வீடு திரும்பிவிட்டார். வாசல் கல்லில் உட்கார்ந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அது கழிவு இல்லயாம். அச்சகத்துல பெட்டியில பத்திரமா வச்சிருந்த ஐயாவோட தாள, கூரை ஒழுகுதுன்னு எறக்கிப் படிக்குக் கீழ வச்சிருக்காங்க. எனக்கு யாரு சொன்னா? கொழும்பு சுவடிக்கூடத்து ஆளுங்க திங்கக்கெழம வந்து வாங்கிட்டுப் போறாங்களாம். அதுக்குள்ள தாளு திரும்பி வரலேன்னா பொலிசுல குடுப்பேன்னாரு மொதலாளி. கடத்தெருவே பாக்க, களவாணின்னு சொல்லிட்டாரு."

அம்மா இடுப்பில் சேலையை இழுத்துச் செருகினாள். "களவாணியா? வாய் வெந்துபோக! ஒட்டுன கைக்கு உரிக்கத் தெரியாதா?" என்றவள், அந்தக் கையோடு லயத்தையே கூட்டிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக் காம்பராவிலும் கேத்தல் கொதித்தது. ஆவியைச் சுவரோரம் பிடித்து, ஈரத்துணியால் ஒற்றி, நகம் படாமல் ஓரத்திலிருந்து தாளைச் சுருட்டி எடுத்தார்கள். கொழுந்து கிள்ளும் விரல்கள் அல்லவா, தாளுக்கு நோகாமல் உரித்தன. கடைசிக் காம்பராச் செல்லாயி அத்தை மட்டும் கதவை மறித்துக்கொண்டு நின்றார். "இப்பதாண்டி என் வீடு பங்களா கணக்கா இருக்கு. நான் உரிக்க மாட்டேன்!" என்றவரிடம் அம்மா, "அப்ப எங்க வீட்டுக்காரரு உள்ள போகட்டும், பங்களாவுல நீங்க நல்லாத் தூங்குங்க" என்றதும், அத்தை முணுமுணுத்துக்கொண்டே கேத்தலை அடுப்பில் ஏற்றினார்.

உரித்தாயிற்று, காய்வது எப்படி? வெளியே விடாத மழை. அடுப்பில் காட்டினால் கரி பிடிக்கும். நாங்கள் எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, அம்மா ஞாயிறு காலையில் ஈரத்தாள்களைக் கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் பொதிந்து தலையில் வைத்துக்கொண்டு நேரே தேயிலைத் தொழிற்சாலைக்கு நடந்தாள். பச்சைக் கொழுந்தைப் பரப்பிக் காற்று விட்டு வாட்டுகிற மாடி, ஞாயிறு என்பதால் காலியாகக் கிடந்தது. தொழிற்சாலைப் பொறுப்பில் இருந்த டீமேக்கர் தயங்கினார். "தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்மா."

"கொழுந்த வாட்டுற காத்து இதயும் காய வைக்காதுங்களா? ஒரு மனுசன் மானங்க."

அவர் போய்க் காற்றாடியைப் போட்டுவிட்டார். வலைத்தட்டு நெடுக ஐயாவின் தாள்களைப் பரப்பி, பறக்காமல் ஓரங்களில் சாக்கு மடித்து வைத்து, நாங்கள் காவல் நின்றோம். ஆஸ்பத்திரி கேட்ட மனுவும் தண்ணீர் கேட்ட மனுவும் இளங்காற்றில் மெல்ல மெல்ல விறைத்து வெளுத்து வந்தன. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! பிள்ளைகள் கைதட்டி ஆடினோம். செல்லாயி அத்தையும் ஆடினார்.

திங்கட்கிழமை அம்மா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. அப்பாவோடு, என்னையும் லயத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அச்சகத்து வாசலில் போய் நின்றாள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, படிக்குக் கீழும் ஒழுகி நின்ற தண்ணீரைக் காட்டி, அங்கேயே இருந்திருந்தால் ஊறிச் செத்திருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். அம்மா முதலாளியை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கடத்தெரு கேக்கச் சொன்னீங்களே, இன்னைக்கும் கடத்தெரு கேக்கச் சொல்லுங்க."

முதலாளி தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "முத்துசாமி, தப்பு என் பேர்லதாம்ப்பா. மனசுல வச்சுக்காத." தெருவே கேட்டது. அம்மாவின் முகத்தை அன்றைக்குப் போல் நான் பிறகு பார்த்ததில்லை.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துவிட்டுத் தனி வீடுகள் கட்டிவிட்டார்கள், சுவரெல்லாம் பெயின்ட். அச்சகம் இருந்த இடத்தில் கைபேசிக் கடை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்மையில் கொழும்பில் ஐயாவின் தாள்களைக் கண்காட்சியில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அச்சக உரிமையாளர் பாதுகாத்து வழங்கியவை என்று அட்டையில் எழுதியிருந்தது. எனக்கு ஏறிய கோபத்தைக் கேட்காதீர்கள். அம்மா பெற்ற பிள்ளை அல்லவா? அங்கேயே நின்று, பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டு, முதலிலிருந்து முடிவு வரை சொன்னேன்.

போன மாதம் மறுபடி போய்ப் பார்த்தேன். அட்டையை மாற்றியிருக்கிறார்கள். கடைத்தெருவில் களவாணி என்று பெயரெடுத்த முத்துசாமியும் அவர் லயத்து மக்களும்தான் இவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்று, சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. களவாணி என்ற சொல்லை எடுத்துவிடவா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், இருக்கட்டும், எல்லோரும் முழுசாகவே வாசிக்கட்டும் என்றேன்.