சைலன்சரின் காதில் விழுந்த கோல்

பட்டறையில் அவருக்குப் பெயர் சைலன்சர். பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக்குழாய் செய்து கொடுக்கும் தகரப் பட்டறை அது. தகடு வெட்டுகிற இயந்திரமும், மடிக்கிற இயந்திரமும், சுத்தியல்களும் ஒன்றாகச் சத்தம் போட்டால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. மடிக்கிற இயந்திரத்தின் முன்னால் வாலிபத்தில் வந்து நின்றவர் தலை நரைத்த பிறகும் அங்கேயே நின்றார். காதடைப்பான் போடச் சொன்னார்கள். தகடு மடிகிற சத்தத்தைக் கேட்டால்தான் கோணம் சரியாக வந்ததா என்று தெரியும் என்று அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தகடெல்லாம் நேர்த்தியாக வந்தது. காது போய்விட்டது.

வேலை நேரத்தில் அது ஒரு குறையே இல்லை. இயந்திரம் ஓடும்போது அங்கே எல்லோருமே செவிடர்கள்தான், எல்லோரும் கையால்தான் பேசினார்கள். குறையெல்லாம் ஓய்வறையில். யாரோ ஏதோ சொல்வார்கள், மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். "என்ன, என்ன?" என்று இவர் கேட்பார். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று பதில் வரும். இரக்கப்பட்டவர்கள் "அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் ஒரு நாளும் வந்ததில்லை. போகப் போக அவர் கேட்பதை விட்டுவிட்டார். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்து வைத்தார்.

மகள் வேலைக்குப் போனதும் நல்லதாக ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். போனோடு சேர்த்துக்கொள்ளலாம். போனில் ஓடுவது வெளியே யாருக்கும் கேட்காமல் நேராகக் காதுக்குள் வந்து விழும். ஆனால் நாலு பேர் ஒன்றாகப் பேசினால் அந்த மெஷினும் எல்லாவற்றையும் கூழாக்கித்தான் கொடுத்தது.

உலகக் கால்பந்துப் போட்டி தொடங்கிய மாதம் அது. நெடுநாள் காத்திருப்புக்குப் பிறகு சொந்த நாட்டு அணி தகுதி பெற்று உள்ளே போயிருந்தது. முதல் கட்டமான பிரிவுச் சுற்றின் மூன்று ஆட்டங்களும் வேலை நேரத்தில் வந்தன. "பாருங்க, வேணாங்கலை. ஆனா அந்த நேரத்தைச் சாயங்காலம் நின்னு முடிச்சுக் குடுக்கணும்" என்று ஃபோர்மேன் ஓய்வறையில் ஒரு டிவியை மாட்டி இன்டர்நெட்டில் இணைத்தார். முதல் ஆட்டத்தன்று சைலன்சர் மூலையில் உட்கார்ந்தார். டிவி சத்தமும் ஆட்களின் கூச்சலும் சேர்ந்து இரைச்சலாக வந்ததால், ஆட்டம் புரியட்டும் என்று போனில் ரேடியோ வர்ணனையைப் போட்டுக் காதுக்கு விட்டுக்கொண்டார்.

இன்டர்நெட்டில் வந்த அந்த டிவி படம் ரேடியோவை விட அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கி வந்தது. அவருக்கு அது தெரியாது. காதுக்குள் வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தியதும், "கோல்!" என்று எழுந்து நின்றுவிட்டார். டிவியில் பந்து இன்னும் நடுமைதானத்தில் உருண்டுகொண்டிருந்தது.

"யாருப்பா அது, சைலன்சருக்கு எந்த மேட்ச் ஓடுது?" என்றான் குழாய்களுக்கு வர்ணம் அடிக்கும் பெயின்டர். அறையே சிரித்தது. அவர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பந்து இடது ஓரத்துக்குப் போனது, உள்ளே வந்தது, வலையில் விழுந்தது.

யாரும் டிவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"எப்படிங்க தெரிஞ்சுது?" என்றான் பெயின்டர்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் ஃபோர்மேன் தன் பக்கத்து நாற்காலியில் இருந்தவனை எழுப்பிவிட்டு, "இங்க வாங்க, முன்னாடி வாங்க" என்று இருக்கையைத் தட்டிக் காட்டினார். அந்த அறையில் அவரை யாரும் முன்னால் கூப்பிட்டதில்லை. "என்னமோ தோணுச்சு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் ஆட்டத்துக்கு அவர் வேண்டுமென்றேதான் ரேடியோவைப் போட்டுக்கொண்டு போனார். போதாததற்குக் கொஞ்சம் ஜாடையும் கற்று வைத்திருந்தார். காதில் கோல் விழுந்ததும் சொல்லிவிடாமல் கண்ணை மூடுவார், ஒரு விரலைத் தூக்குவார், அறை மூச்சடங்கியதும் மெல்ல, "வருது" என்பார். எதிரணிக்குப் பெனால்ட்டி கிடைத்தபோது எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். டிவியில் ஆட்டக்காரன் அப்போதுதான் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருந்தான். "நம்ம கீப்பர் பிடிச்சிடுவாரு" என்றார். பிடித்தார். பெயின்டர் அவரைத் தூக்கியே விட்டான். அதற்குப் பிறகு ஓய்வறையில் யார் எதற்குச் சிரித்தாலும், அவர் கேட்கும் முன்பே ஒருவன் குனிந்து காதருகே விளக்கமாகச் சொன்னான்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி மனுஷா! காதுல ரேடியோவை வச்சுக்கிட்டு ஊரையே ஏமாத்துறீங்களா?" சிரித்து முடித்ததும், "சரி, சீக்கிரம் சொல்லிடுங்க. வெளையாட்டு வெளையாட்டாவே முடியட்டும்" என்றாள். "கடைசி மேட்சு முடியட்டும்" என்றார் அவர்.

அவளுடைய தம்பியும் அதே பட்டறையில் வெட்டுகிற இயந்திரத்தில் வேலை செய்தான். நல்ல பையன், மாமாவிடம் மரியாதை உள்ளவன். அவன் மனைவி மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். இதற்கு முன் இரண்டு முறை ஏறக்குறைய இதே மாதத்தில் குழந்தை தங்காமல் போயிருந்தது. இந்த முறை டாக்டர் இப்போதே ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிரசவம் வரை படுக்கையில் இருக்கச் சொல்லியிருந்தார். படுக்கையும் சொல்லி வைத்தாகிவிட்டது. அவளுக்குத்தான் மனசில்லை. இரண்டு முறையும் அந்தக் கட்டடத்துக்குள் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தவள். உள்ளே போனாலே ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாள்.

ஒரு நாள் கை கழுவுகிற இடத்தில் மச்சினன் அவரைத் தனியாகப் பிடித்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளு மாப்ளே."

"எங்களுக்குக் குழந்தை நல்லபடியாப் பிறக்குமா? உங்களுக்கு என்ன தோணுது?"

அவனுடைய கையில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கழுவாமல் நின்றான். சைலன்சர் அவன் முகத்தைப் பார்த்தார். "நல்லபடியாப் பிறக்கும், போ" என்று தோளைத் தட்டினார். வேறு எதைச் சொல்வது? பழக்கம் எந்த அளவுக்கு ஆகியிருந்தது என்றால், சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடியிருந்தார்.

மூன்றாம் ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"என் தம்பிகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"ஆஸ்பத்திரியில சேர வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்களாம். படுக்கையை வேற யாருக்காவது குடுத்துடுங்கன்னு போன் பண்ணிச் சொல்லிட்டானாம். கேட்டா, மாமா சொல்லிட்டாரு, ஒண்ணும் ஆகாதுங்கிறான்."

"நல்லபடியாப் பிறக்கும்னுதான் சொன்னேன். எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க?"

"எல்லாரும் சொன்னா அது ஆறுதல். நீங்க சொன்னா அவனுக்கு அது நடந்து முடிஞ்ச சேதி." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "நான் சொல்லி அவன் கேக்கலை. ரேடியோன்னு சொன்னேன். அக்காவுக்கு எப்பவும் மாமாவைக் கிண்டல்தான்னு சிரிக்கிறான். நீங்க ஆக்கினது, நீங்களே கலைங்க."

அன்று அவர் காது மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்தார். சத்தமே இல்லாத வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். தன் மச்சினனின் கலங்கிய கண்ணுக்கு முன்னால் தான் கண்ணை மூடிக்காட்டியது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வெட்டுகிற இயந்திரத்துக்குப் போய், அதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். ரேடியோ, காது மெஷின், டிவி பிந்தி வருவது எல்லாம்.

மச்சினன் சிரித்தான். "அக்கா சொல்லச் சொல்லிச்சா?"

"இல்லடா, சத்தியமா."

"விடுங்க மாமா. கண்ணு பட்டுடும்னு அடக்கமாப் பேசறீங்க. எனக்குப் புரியாதா? கீப்பர் பெனால்ட்டியைப் பிடிப்பாருன்னு எந்த ரேடியோக்காரன் முன்னாடியே சொல்லுவான்?"

அவரிடம் பதில் இருந்தது. ஆனால் ஆட்டம் ஓடாத நேரத்தில் அதை எதை வைத்துக் காட்டுவது? "மத்தியானம் மேட்ச் நேரத்துல என்கூட வெளியே வா, காட்டறேன்" என்றார். மச்சினன் பதறிப்போனான். போன ஆட்டத்தில் அவரவர் எந்த இடத்தில் உட்கார்ந்தார்களோ அதே இடத்தில்தான் இன்றும் உட்கார வேண்டும் என்பது ஓய்வறையில் பேசி முடித்த சட்டம். இடம் மாறியவனால்தான் அணி தோற்றது என்ற பழியை யார் சுமப்பது? "விளையாடாதீங்க மாமா. இன்னிக்கு டிரா பண்ணினாப் போதும், அடுத்த ரவுண்டு. நான் அசையவே மாட்டேன்."

ஆகவே எல்லோர் முன்னாலும்தான் செய்ய வேண்டியிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. அவரை முன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கோல் எதுவும் இல்லாமல் நேரம் போனது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஆட்கள் டிவியைப் பார்த்துவிட்டு அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டார்கள். "என்னங்க, ஏதாவது வருதா?" என்றான் பெயின்டர். அவர் போனை எடுத்தார். காது மெஷினோடு இருந்த இணைப்பைத் துண்டித்து, சத்தத்தை முழுசாக வைத்து, மேசை நடுவில் வைத்தார். வர்ணனையாளரின் குரல் அறைக்குள் பாய்ந்தது.

"இதைக் கேட்டுத்தான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. மாப்ளே, நல்லாக் கேளு" என்றார்.

"அட, அதை எதுக்கு இப்ப..." என்று ஃபோர்மேன் கை நீட்டினார். அதற்குள் போனுக்குள் கூச்சல் கிளம்பியது. எதிரணி கோல் போட்டுவிட்டது என்று அந்தக் குரல் உடைந்துபோய்ச் சொன்னது.

டிவியில் பந்து நம் ஆட்டக்காரன் காலில்தான் இருந்தது. பந்து பறிபோனதைப் பார்த்தார்கள். எதிரணிக்காரன் ஓடி வருவதைப் பார்த்தார்கள். "பிடிங்கடா" என்று ஒருவன் முனகினான், பிறகு தானே நிறுத்திக்கொண்டான். முடிந்துபோன ஒன்று நடந்து வருவதை அத்தனை பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கீப்பர் பாய்ந்தார். பந்து வலைக்குள் போய் நின்றது.

"அப்போ அந்தப் பெனால்ட்டி?" என்றான் பெயின்டர்.

"அதுவும் இதுதான்."

"நான் வீட்டுல உங்களைப் பத்திக் கதை கதையாச் சொன்னேனேய்யா. எங்கம்மா உங்களைப் பார்க்கணும்னாங்க."

ஃபோர்மேன் போனை எடுத்து ரேடியோவை அணைத்து, அவர் கையில் கொடுக்காமல் மேசை ஓரமாகத் தள்ளி வைத்தார். "மேட்சையாவது விட்டு வச்சிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர் நினைத்தார்.

மச்சினன் எழுந்தான். அசைய மாட்டேன் என்றவன், ஆட்டம் பாக்கி இருக்கும்போதே நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான். அவரும் பின்னால் ஓடினார். வாசலில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துகொண்டிருந்தான். "இருக்குங்களா? யாருக்கும் குடுக்கலையா? இப்பவே வந்துடறோம்" என்றவன், போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அவர் பின்னால் ஏறிக்கொண்டதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வழி முழுக்க அவனுடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்.

வீட்டில் அவன் மனைவியிடம், "டாக்டர் கட்டாயம் வரச் சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொன்னான். அவள் அழுதாள், பிறகு துணிகளை எடுத்து வைத்தாள். டாக்ஸியில் முன்னால் உட்கார்ந்திருந்த சைலன்சருக்கு அவள் அழுகை தெளிவாகக் கேட்டது. இத்தனை நல்ல மெஷினை மகள் ஏன்தான் வாங்கினாளோ என்றிருந்தது.

வார்டில் நர்ஸ் வந்து பார்த்தாள். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது, இனி இங்கேயே இருக்கட்டும் என்றாள். எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். தலையணையில் சாய்ந்துகொண்ட பிறகு அவளுக்கு முகம் தெளிந்தது. கட்டில் ஓரத்தில் ஒதுங்கி நின்றவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னண்ணே, இன்னிக்கு மேட்ச் ஆச்சே. நம்ம டீம் அடுத்த ரவுண்டு போயிடுச்சா?"

"தெரியலைம்மா."

"உங்களுக்கா தெரியலை? சும்மா சொல்லுங்கண்ணே. இவரு எல்லாம் சொன்னாரு. நீங்க சொன்ன அந்த வார்த்தையாலதான் இந்த வாரம் நான் தூங்கினதே."

அவர் மச்சினனைப் பார்த்தார். அவன் பையிலிருந்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"நீங்களே சொல்லுங்க மாமா" என்றான்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அது ரேடியோம்மா" என்று தொடங்கினார்.