பன்னிரண்டு நீலக் குப்பைத்தொட்டிகள்

நான் வேலை செய்யும் கடற்கரை விடுதி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே நான் அலுவலக மேலாளர். தினமும் திருக்கழுக்குன்றத்திலிருந்து பேருந்தில் போகிறேன். போய்ச் சேர்ந்ததும் நேரம், வெயில், காற்று வீசும் திசை ஆகிய மூன்றையும் நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். காற்றின் திசை எதற்கு என்று கேட்பவர்களிடம், இருக்கட்டுமே என்பேன்.

சமூகப் பொறுப்பு என்ற பெயரில் எங்கள் முதலாளி குப்பத்துக்குப் பன்னிரண்டு நீலக் குப்பைத்தொட்டிகள் கொடுத்தார். மூடியில் விடுதியின் சின்னம் இருக்கும். ஆறு மாதம் கழித்து, அவை பயன்பாட்டில் உள்ளனவா என்று அறிக்கை கேட்டார். நேரில் போனேன். தெருவில் ஒன்றுகூட இல்லை. வீடுகளுக்குள் எண்ணினேன். ஒன்றில் ரேஷன் அரிசி, மூன்றில் தண்ணீர், ஏழில் உப்புப் போட்ட மீன். பன்னிரண்டாவதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இன்னா சாரு அப்பிடிப் பாக்கறே? இம்மா நல்ல டிரம்முல எவனாவது குப்ப கொட்டுவானா?" என்றார், கருவாடு போடும் பெண்களுக்குத் தலைவி போன்ற அக்கா.

'பன்னிரண்டும் பயன்பாட்டில் உள்ளன' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எங்களுக்கும் குப்பத்துக்கும் நடுவே நெத்திலித் தகராறு ஒன்று இருந்தது. அவர்கள் அதை மணலில் காயப்போடுவார்கள். எங்கள் புல்வெளியில் கல்யாண வரவேற்பு நடக்கும். சித்திரையில் நடந்த வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். வைகாசியில் அடுத்தது.

"இதுவும் நாறிச்சுன்னா, நீங்க வேற எடம் பாத்துக்கலாம்," என்றார் முதலாளி.

ஐம்பத்திரண்டு வயதில் எந்த இடத்தைப் பார்ப்பது? சிங்கப்பெருமாள் கோயில் பக்கத் தொழிற்சாலைகளில் வாசலிலேயே வயதைக் கேட்கிறார்கள். அக்காவிடம் போய், ஒரே ஒரு நாள் காயப்போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன்.

"கடலாண்ட போயி மீனுக்கு லீவு வுடச் சொல்லு, நாங்க நிறுத்திக்கிறோம். ஏன் சாரு, தொட்டி குடுத்தீங்களே, இன்னா வேணும்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இப்போ கேக்கறேன்க்கா."

"மண்ணு ஒட்டாம காயப்போட மேச வேணும். நாயி வராத எடம் வேணும்." விடுதிக்கு வடக்கே, மதில் சுவருக்குள் சும்மா கிடக்கும் எங்கள் காலி மனையை மோவாயால் காட்டினார்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். நாற்றப் புகார் வந்த நாள்கள் எல்லாவற்றிலும் 'தெற்கு' என்று என் கையெழுத்தே சாட்சி சொன்னது. குப்பம் எங்களுக்குத் தெற்கே இருந்தது. வடக்கே கொண்டுபோனால் தெற்கிலிருந்து வரும் காற்று வாசத்தை எங்கள் பக்கம் விடாமல் அப்படியே வடக்கே தள்ளிவிடும். வடக்குக் காற்று வீசும் மழை மாதங்களில் யாரும் கருவாடு போடுவதில்லை.

"நம்ம மனையில நாமளே கருவாட்டுக்கு எடம் குடுக்கறதா?" என்று முதலாளி அதிர்ந்தார். நாட்குறிப்பைக் காட்டினேன். பத்தே நாளில் மூங்கில் கால் நட்டு, வலை கட்டிய மேசைகள் வந்தன. மேசைகளைவிடப் பெரிதாக விடுதியின் பெயர்ப்பலகையும் வந்தது.

கல்யாண நாள். காலையில் 'தெற்கு' என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். மாலை 4.10-க்கு, வடமேற்கே கிடந்த மேகம் தலைக்கு மேல் ஏறியது. 4.25-க்குப் பந்தலின் சரிகைத் துணி மறுபக்கம் பறந்தது. வடக்குக் காற்று! 4.26-க்கு நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

மனையில் மேசைகள் காலியாக இருந்தன. நீலத் தொட்டிகள் பன்னிரண்டும் வரிசையாக, மூடி அழுத்தி மூடப்பட்டு நின்றன. மூடி சரியாகப் பொருந்தாத ஒன்றின்மேல் மட்டும் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"எப்போக்கா மீன எடுத்து அடைச்சீங்க?"

"மூணு மணிக்கே. மேகத்தப் பாத்தா தெரியாதா? நீ காத்து வந்தப்புறம் எழுதற ஆளு. நாங்க, அது வர்றதுக்கு மின்னாடியே பாக்கற ஆளு."

"எங்களுக்காகவாக்கா?"

"ஆசயப் பாரு! உன் கல்யாணம் நாறிச்சுன்னா எங்க எடம் பூடும்ல?"

விடுதிக்கு வாசல் காவலாளி இருக்கிறார், கேமராக்கள் இருக்கின்றன. காற்றைக் காவல் காக்க ஆள் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது, நாங்கள் கேட்காமலே, ஒரு குப்பமே அந்த வேலையைப் பார்க்கிறது. தொட்டிகளை மட்டும் கொடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

"அரிசியும் கோழியும் என்னாச்சு?"

"அரிசி அண்டால கீது. கோழிதான் கோச்சிக்கினு என் கட்டில் மேல ஏறிக்கினு கீது."

அன்று விருந்தாளிகள் ஐஸ்கிரீம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். மறுநாள் காலை, குப்பத்துக்குப் பன்னிரண்டு குப்பைத்தொட்டிகள் தேவை என்று குறிப்பு எழுதி முதலாளி மேசையில் வைத்தேன்.

"முன்னாடியே குடுத்தோமே?"

"அது பயன்பாட்டில இருக்கு சார்."