குதிரைமசாலும் சிவப்புத் துணியும்

இன்னும் பிறக்காத ஒரு தீவனப் பயிருக்கு என் பெயரை வைத்து, விதைப் பையில் அது எந்த எழுத்தில் அச்சானால் எடுப்பாக இருக்கும் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதிப் பார்த்தவன் நான். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. கல்யாணமாகவில்லை என்பதைத் தவிர வேறு சாக்கு கிடையாது.

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தீவனப் பண்ணையில் உதவியாளன். பாலைவனத்தில் அசுவினிப் பூச்சியைத் தாங்கி வளரும் குதிரைமசால் ரகம் ஒன்றை உண்டாக்குவது வேலை. குதிரைமசால், மாடுகள் ஆசையாகத் தின்னும் பச்சைத் தீவனம். அசுவினி அதன் கொழுந்தில் அப்பிக்கொண்டு சாற்றைக் குடித்துவிடும். பாலைவனத்துக்குத் திண்டிவனத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. விழுப்புரத்திலிருந்து ஜீப்பில் வரும் மேலதிகாரி, மரக்காணம் சாலையோரம் ஒரு மணல் துண்டைக் காட்டி, "ராஜஸ்தான்னு நெனச்சுக்க" என்று சொல்லியிருந்தார். நினைத்துக்கொண்டேன். ஐப்பசியில் அந்த ராஜஸ்தானில் முழங்கால் தண்ணீர் நின்றது.

தை மாதம் வயல் முழுக்க அசுவினி. கடைசி வரப்போரம் ஒரு வரிசை மட்டும் துளிர்விட்டுச் சுத்தமாக நின்றது. லென்ஸை வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. இரண்டு வாரம் கழித்தும் இல்லை. 'எதிர்ப்புத் திறன்' என்று குறிப்பேட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். வரிசை நெடுகச் சிவப்புத் துணி கட்டி, யாரும் கை வைக்கக் கூடாது என்று ஆட்களை மிரட்டினேன். அதற்குப் பிறகு அதிலும் பூச்சி ஏறியது. வெயிலில் செடி களைத்திருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் எழுதினேன். படித்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? நம் ஊர்ப் புழுக்கத்தில் குதிரைமசால் விதை பிடிப்பதே அபூர்வம். அந்த வரிசையில் இரண்டு கைப்பிடி தேறியது.

மறுவருஷம் அந்த விதையில் முளைத்த பாத்தியைப் பார்க்க மேலதிகாரி வந்தார். செடி தாங்கினால் எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் திண்டிவனம். கொழுந்தே தெரியாமல் அசுவினி மொய்த்திருந்தது. குதிரைமசாலுக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். பூச்சி மட்டும் தெரிந்துவிட்டது. ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தார், விரலில் ஒட்டியதை என் குறிப்பேட்டில் துடைத்தார், விக்கிரவாண்டியில் சாப்பாடு தீர்ந்துவிடும் என்று கிளம்பிவிட்டார்.

ஜீப் மறைந்ததும், களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் கிட்டே வந்தார்.

"கோச்சிக்காதீங்க சார். போன வருசம் அந்த ஓரத்த நான்தான் வெடியறதுக்குள்ள வந்து அறுத்துக்கினு போவேன், எங்க மாட்டுக்கு. துளுரு வர வர அறுப்பேன். நீங்க செவப்புத் துணி கட்டுனதும் பயந்துக்கினு வுட்டுட்டேன்."

பூச்சி ஏறுவதற்குள் கொழுந்து மாட்டின் வயிற்றுக்குப் போயிருக்கிறது. என் எதிர்ப்புத் திறன் அந்த அம்மாளின் இடுப்பில் செருகியிருந்த அரிவாள். அதை அப்போதே சொல்வதற்கென்ன என்று கேட்டேன்.

"எதுக்கு சொல்றது? மாடு நல்லா கறந்துக்கினு இருந்துச்சு. நீங்கதான் சார் துணியக் கட்டிக் கெடுத்துட்டீங்க."