சரஸ்வதி பூஜையில் வைத்த ரிமோட்

ரங்கராஜன் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்து ரிடையரானவர். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. கல்கத்தா பவானிபூரில் எங்களுக்கு எதிர் ஃப்ளாட். திருடுகிற மாதிரி அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதல் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

இரண்டாயிரத்து ஐந்தில், நவராத்திரிக்கு முந்தின வாரம், சாந்தினி மார்க்கெட்டிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தார். ஒயரே கிடையாது; ரிமோட்டை அழுத்தி இரண்டு நிமிஷம் ஆனால் விழித்துக்கொள்ளும், அப்புறம் ஆள் அசைந்தால் போதும், சைரன் ஊளையிடும். "பூஜா சமயத்துல ஊரே பந்தல் பந்தலா அலையறது. திருடனுக்கு இதானே சீசன்?" என்றார். டேப்பும் கையுமாக மூன்று நாள் ஸ்டூலில் ஏறி இறங்கி, ஹால் மூலையில் ஏழடி உயரத்தில் ஒரு சென்சாரும் சமையலறை வாசலில் ஒன்றும் பொருத்தினார். சைரனைக் கொலுவின் மேல்படியில் கலசத்துக்குப் பின்னால் ஒளித்தார். எந்தத் திருடன் கலசத்தைத் தொடுவான்? என்ன மூளை!

அவர் மனைவி ஜெயலக்ஷ்மி மாமிக்கு வருஷத்தில் சந்தோஷம் என்று இருப்பது அந்தக் கொலு நாட்கள்தான். ஐந்தாம் நாள் கீழ்வீட்டு வங்காளி அண்ணி, சாட்டர்ஜி பௌதி, குங்குமம் எடுக்கக் கை நீட்டினாள். சைரன் அலறியது. மனிதர் சற்று முன் ரிமோட்டை அழுத்திச் சோதித்துவிட்டு அணைக்க மறந்துவிட்டாராம். குங்குமம் மொத்தமும் பௌதியின் வெள்ளைப் புடவையில். அதற்கப்புறம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

மாமி என்னிடம் வந்து கண் கலங்கினாள். "சரஸ்வதி பூஜையன்னிக்காவது நாலு பேர் வரணும்டி. வரலேன்னா அடுத்த வருஷம் பொம்மைப் பெட்டியையே திறக்க மாட்டேன்." முட்டி வலியோடு மாடி மாடியாக ஏறி எல்லோரையும் அழைத்தாள். எனக்கு அந்த மனுஷர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

சரஸ்வதி பூஜையன்று பிற்பகல் புத்தகங்களை அடுக்கிப் பூஜை நடந்தது. ரங்கராஜன் தன் ஆயுதத்தை வைக்க வேண்டாமா? கோயிலுக்குக் கிளம்பும்போது அலாரத்தைப் போட்டு, அந்த ரிமோட்டுக்கே சந்தனம் குங்குமம் இட்டு, புத்தகங்களின்மேல் பயபக்தியோடு வைத்தார். கதவைப் பூட்டினார். மூன்று தரம் இழுத்தும் பார்த்தார்.

ஆறு மணிக்குத் திரும்பி உள்ளே காலை வைத்தார்கள். வீல் என்று அலறியது.

"ரிமோட் எங்கேன்னா?"

"பூஜையில."

"எடுத்து அணையுங்கோளேன்!"

"விஜயதசமி வரைக்கும் தொடப்படாதுடி! அபசாரம்!" சைரன் இருந்ததோ கலசத்துக்குப் பின்னால்; அதையும் மறுநாள் காலைவரை நகர்த்தக் கூடாது.

"சென்சாரையாவது கழட்டுங்கோ மாமா" என்றேன் வாசலிலிருந்து.

"கழட்டினாலும் கத்தும். அதானே அதோட விசேஷம்!" அந்த நிலைமையிலும் பெருமையைப் பாருங்கள். "யாரும் அசையாதேங்கோ!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அசையாதவரை சத்தமில்லை. ஒரு கொசுவை அடிக்கக் கையைத் தூக்கினார், மறுபடி வீல்.

கீழே படியில் வளையல் சத்தம் கேட்டது. மாமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சைரன் அலற அலற நேரே சமையலறைக்குப் போய்ச் சுண்டல் பாத்திரத்தையும் வெற்றிலைத் தட்டையும் தூக்கி வந்து, வாசலுக்கு வெளியே மாடிப்படித் திருப்பத்தில் நான் கொடுத்த பாயை விரித்தாள். திறந்த கதவு வழியாகக் கொலு முழுசாகத் தெரிந்தது.

"நீங்களும் வெளியில வாங்கோ மாமா."

"வீட்டைத் திறந்து போட்டுட்டா? காவலுக்கு ஆள் வேண்டாமா?"

அலறல் கேட்டு, அழைக்காதவர்கள்கூட மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். இருபது பேருக்குமேல். மாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாடினாள். இத்தனை வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதேயில்லை.

பாட்டு முடிந்ததும் சாட்டர்ஜி பௌதி நாற்காலியைக் காட்டிக் கேட்டாள்: "அந்தப் பெரிய பொம்மை புதுசா?"

"பழசு. மேல்படியில ஏத்த முடியல. கீழயே வச்சுட்டேன்" என்றாள் மாமி, சுத்தமான வங்காளத்தில். படிக்கட்டே சிரித்தது.

பிறகு பாத்திரத்தின் அடியை வழித்துக்கொண்டே உள்ளே பார்த்தாள். "ஏன்னா, கொஞ்சம்தான் மிச்சம். சுண்டல் வேணுமா?"

வேண்டும் என்று தலையை ஆட்டினார். சைரன் ஊளையிட்டது.