மாவிஸின் பாத்திரம்

ஆஸ்திரேலியாவின் விம்மெரா பக்கத்தில் இருந்த அந்தக் கோதுமை ஊரில் நோய்க்கும் தராதரம் உண்டு. புற்றுநோய் வந்தால் மாதக்கணக்கில் வீடு தேடிக் கறியும் கிழங்கும் வரும். கால் ஒடிந்தால், கட்டுப் பிரிக்கும்வரை வரும். தனியாக வாழ்ந்த ரேலீனுக்கு வந்ததோ லூபஸ். வேலியே பயிரை மேய்ந்தாற்போல, காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய், ஆயுசுக்கும் போகாது. ஆயுசுக்கும் யார் சமைத்துப் போடுவது? ஊர் இரண்டு வாரத்தோடு கைகழுவிவிட்டது.

பிறகு வந்ததெல்லாம் இலவசப் புத்திமதி. செலரிக் கீரைச் சாறு குடி என்றாள் ஒருத்தி. வெயிலில் நட என்றார் தபால்காரர்; வெயில் பட்டாலே அவள் தோல் தடித்துவிடும். கன்னத்தில் நோய் போட்ட சிவப்பைப் பார்த்து, முகம் களையாக இருக்கிறதே என்று மெச்சியவர்களும் உண்டு. மனதைத் திறந்து பேசுங்கள் என்று மாதம் ஒருமுறை தொலைபேசியில் ஆலோசகர் சொல்வார். யாரிடம் திறப்பது, கொல்லையில் மேயும் கோழியிடமா?

பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்க வாய் வராது. யார் விசாரித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பாள். சாப்பாடு வந்த பாத்திரத்தை வலியோடு தேய்த்து, அடியில் ஒட்டிய பெயரைப் பார்த்து உரியவளிடம் சேர்த்துவிடுவாள். கழுவிய பாத்திரம் வீடு திரும்பினால், இனி வர வேண்டாம் என்று அங்கே அர்த்தம். இப்படித் தேய்த்துத் தேய்த்தே ஊரை வழியனுப்பிய கெட்டிக்காரி.

மிஞ்சியது அடுத்த வீட்டு மாவிஸின் பாத்திரம். விரல் மடங்காததால் தொட்டியில் ஊறிக் கிடந்தது. சர்ச் விருந்துக்கு வேண்டுமென்று மாவிஸே வந்து நின்றாள்.

"எப்படி இருக்கே?"

வழக்கமான பதில் ரேலீனின் நாக்கு நுனிவரை வந்தது. தொட்டியைப் பார்த்தாள்.

"நல்லா இல்ல, மாவிஸ். ஒரு பாத்திரம் கழுவ முடியல. பயமா இருக்கு."

மாவிஸ் தொட்டியருகே போனாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கழுவினாள். செலரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, புண்ணியவதி. தேநீர் போட்டுக் கொடுத்து, ரேலீன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பும்போது பாத்திரத்தைத் துடைத்து ரேலீனின் அலமாரியில் வைத்தாள்.

"விருந்துக்கு வேணும்னியே?"

"வேற இருக்கு. இது இங்கயே கெடக்கட்டும். நாளைக்கு எடுக்க வரணும்ல?"